மணிக்கட்டுக்கு வந்த சாதி

திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டுவது தொன்றுதொட்ட வழக்கம் இல்லை. 1980களில் நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தபோதும் பையன்கள் கையில் கயிறு கிடந்தது. அது சாமி கயிறு. காய்ச்சலுக்கு மந்திரித்துக் கட்டியிருப்பார்கள், இல்லை கோயில் கொடைக்குக் கட்டியிருப்பார்கள். அதன் நிறத்தைப் பார்த்து யாரும் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை.

சாதி அன்றும் இருந்தது, அதற்கு வெகு முன்பும் இருந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சோறு போட்டார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்துக் கிளம்ப, 1925 வாக்கில் தமிழகமே அதைப் பேசியது. அந்தப் பந்தியைப் பிரித்தது பிள்ளைகள் இல்லை, பெரியவர்கள்.

கயிற்றுக்கு நிறம் ஏற்றியதும் பெரியவர்கள்தான். 1995இல் சாதி மோதல்களின் நடுவே கொடியங்குளத்தின் பட்டியல் சாதிக் குடியிருப்பைப் போலீஸ் புகுந்து நொறுக்கியது. 1997இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குப் பட்டியல் சாதித் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதும் கலவரம் மூண்டது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்த தலைவர் பெயர்கள் அத்தனையையும் அரசு எடுத்துவிட்டது. பெயர் போனது, நிறம் போகவில்லை. சாதிச் சங்கக் கொடியின் நிறத்தை ஊர் எல்லையில் மின்கம்பத்துக்கு அடித்தார்கள். ஜெயந்திக்கும் குருபூஜைக்கும் பனியனில் அச்சடித்தார்கள். அங்கிருந்து அது பையனின் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது.

2019இல் பள்ளிக்கல்வித் துறையே சுற்றறிக்கை விட்டது: சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு கட்டி மாணவர்கள் சாதியை அடையாளம் காட்டுகிறார்கள், தடுங்கள் என்று. எதிர்ப்பு வந்ததும் அன்றைய அமைச்சரே பின்வாங்கினார்.

2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிற்றைச் சொல்லி வந்த தகராறில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் அடிபட்டுச் செத்தான். பதினோராம் வகுப்பு மாணவர்கள் கைதானார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரி. உடன் படித்தவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்னதற்காக, பட்டியல் சாதி மாணவன் ஒருவனை இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு.

அந்தப் பையன் பல மாதம் சிகிச்சையில் கிடந்து, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். ஆனாலும் பிறந்த ஊரில் அச்சமின்றி நடக்கும் உரிமையை எந்த மதிப்பெண்ணும் மீட்டுத் தராது. வெட்டிய சிறுவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கோடு. பரீட்சை எழுதவேண்டிய வயதில் வாய்தாவுக்கு அலைய வேண்டும். இரண்டு துயரமும் ஒரே எடை என்று சொல்லமாட்டேன். வெட்டுப்பட்டவன் எந்தக் குற்றமும் செய்யாதவன். ஆனால் வெட்டியவன் கையில் அரிவாளுக்கு முன்பே கயிற்றைக் கட்டிவிட்டவர்கள் பெயர் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இல்லை.

நாங்குநேரிக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு என்ற சாதி அடையாளங்களைத் தடை செய்யச் சொன்னது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. மாணவர்களை அகரவரிசையில் உட்காரவைக்கச் சொன்னது. எல்லாமே செய்யக்கூடியவை, செய்தே தீரவேண்டியவை.

வகுப்பறையில் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினால் சாயங்காலமே வேறு கயிறு ஏறிவிடும். முதலில் ஊர் எல்லைக் கம்பத்தில் உள்ள நிறத்தைப் பெரியவர்கள் சுரண்டி எடுக்கட்டும்.