சென்னை அச்சேற்றிய ஆர்மீனியம்

கி.பி. 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்தொத்ஸ் என்னும் துறவி ஆர்மீனிய மொழிக்குத் தனியெழுத்து வகுத்தார். அரசிழந்து பல நாடுகளிற் சிதறிய அம்மக்களைப் பிணைத்து நின்றவை அவ்வெழுத்தும் திருச்சபையுமேயாம்.

சென்னையிற் குடியேறிய ஆர்மீனிய வணிகர் 1772இல் ஆங்கு அச்சகம் நிறுவினர். 1794இல் பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் 'அஸ்தரார்' என்னும் திங்களிதழை அந்நகரிலேயே வெளியிட்டார். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் அதுவே. 18 இதழ்களுடன் 1796இல் அது நின்றதாயினும், நாடிழந்த மொழி ஏட்டில் வாழும் என்பதை நிறுவியது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர்க்கு இவ்வரலாறு அயலதன்று. பட்டிப்பொல முதலாய தோட்டங்களின் லயன்களில் வழங்கும் வாய்மொழிப் பாடல்கள் அச்சேறாவிடின், பாடுவோருடனேயே அவையும் மறையும். அவற்றை எழுதிவைத்தல் கற்ற தலைமுறையின் கடனாகும்.