அன்னப் பறவையும் அடையாற்று ஆலமரமும்

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே நவராத்திரிக் காலம் வந்துவிட்டால், பாடசாலை மண்டபங்களிற் சலங்கை ஒலி கேட்கத் தொடங்கிவிடும். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரின் முன்னிலையில், அவர்தம் பெண்மக்கள் அலாரிப்பு ஆடுவர். பின்னே ஒரே நிறத்திலான திரை. மேடையின் ஒரு பக்கத்தே நட்டுவாங்கம் செய்பவரும் பாடுபவரும் மிருதங்கம் வாசிப்பவரும் அமர்ந்திருப்பர். இந்த ஒழுங்கு தொன்றுதொட்டு இப்படியே வந்தது என்றுதான் பார்ப்போர் எண்ணுவர். உண்மை அதுவன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஆடும் பெண்ணின் பின்னால் இசைக்காரர் நின்றுகொண்டு, அவள் முன்னேறும்போது தாமும் முன்னேறி, பின்வாங்கும்போது தாமும் பின்வாங்கி வாசித்தனர். இம் மாற்றத்தின் காரணத்தைத் தேடிச் செல்வோர், ருஷ்ய தேசத்து நடன மாது ஒருவரிடமும், அவரது கலையில் அடங்காத ஆர்வங்கொண்ட தமிழ்ப் பெண்மணி ஒருவரிடமும் போய்ச் சேர்வர்.

அன்னா பாவ்லோவா 1881ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். தாயார் சலவைத் தொழில் செய்து வாழ்ந்தவர். குழந்தையோ நோஞ்சான். எட்டு வயதளவில் தாயார் அவரை மரியின்ஸ்கி அரங்குக்கு அழைத்துச் சென்று, சைக்கோவ்ஸ்கி இசையமைத்த 'உறங்கும் அழகி' என்னும் பாலேயைக் காட்டினார். கூட்டமாக ஆடிய பெண்களைச் சுட்டி, அவர்களைப்போல் ஆட விருப்பமா என்று தாயார் வினவியபோது, கூட்டத்தில் ஒருத்தியாக அன்று, நடுவில் நின்று ஆடும் அரசிளங்குமரியாகவே ஆட விரும்புவதாகச் சிறுமி கூறினாராம். அரசாங்க நடனப் பள்ளியினர் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வயது போதாது, உடலும் மெலிந்தது என்றனர். 1891இல் பத்து வயதானபோதே இடம் கிடைத்தது.

அப்பள்ளியைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். அங்கே சேர்ந்த பிள்ளைகளுக்கு உணவு, உடை, உறையுள், கல்வி யாவும் அரச செலவில் அளிக்கப்பட்டன. அதிகாலை மணியடித்தது முதல் இரவு வரை ஒரே ஒழுங்கு. கால் விரல் நுனியில் நிற்பதற்கு முன்னர், சுவரோடு பொருத்திய மரச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு அதே அசைவுகளை ஆண்டுக்கணக்கிற் பழகவேண்டும். நம் ஊர்களில் நட்டுவனார் தட்டுக்கழியின் ஓசைக்குத் தட்டடவு பழக்கியதும் ஏறக்குறைய இதே முறைதான். வேறுபாடு ஒன்று உண்டு. ருஷ்யாவில் ஏழைச் சலவைக்காரியின் மகளை ஆடலரசியாக்க அரசின் கருவூலமே செலவிட்டது. தமிழகத்திலோ அரசவைகள் மறைந்த பின்னர் நட்டுவனாரின் வீட்டுத் திண்ணையே பள்ளியாக நின்றது. சார் மன்னரின் ஆட்சியிற் பாராட்டத்தக்கவை மிகச் சில. இதனை அவற்றுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

1899இல் பயிற்சி முடித்த பாவ்லோவா 1906இல் முதன்மை நடனமணி ஆனார். அவருடைய பாதங்கள் அளவுக்கு மீறி வளைந்தவை; கணுக்கால்கள் மெலிந்தவை. வலிமை வாய்ந்த இத்தாலிய நடனமாதரைக் கண்டு பழகிய அக்காலத்து ரசிகர்களுக்கு அவர் காற்றில் அசையும் நாணல்போற் காணப்பட்டார். மிஷேல் ஃபோக்கின் அவருக்கென்றே ஒரு சிறு நடனம் அமைத்தார். பிரெஞ்சு இசைமேதை சென்சான்ஸின் இசைக்கு, உயிர் நீங்கும் தறுவாயில் இருக்கும் அன்னப் பறவையொன்று சிறகடித்து அடங்குவதைக் காட்டுவது அது. சில நிமிடங்களே நிகழும் அந்நடனத்தை அவர் உலகம் முழுவதும் எடுத்துச் சென்றார். இலண்டனில் 1912இல் வீடு வாங்கிக் குடியேறிய பின்னர், சொந்தக் குழுவுடன் கப்பலிலும் புகைவண்டியிலும் ஓயாது பயணஞ் செய்தார். பாலே என்றால் என்ன என்றே அறியாத நகரங்களிலெல்லாம் அவர் ஆடினார். அவர் வந்துபோன இடங்களில் அவரைக் கண்டு நடனத்துக்கே தம்மை ஒப்படைத்த இளைஞர் பலர்.

1922இல் அவர் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் தம் நடனத்தைக் காட்டியதோடு அமையவில்லை. இந்நாட்டின் நடனம் எங்கே என்று தேடினார். அவருக்கு மனநிறைவான விடை கிடைக்கவில்லை. அஜந்தாக் குகைச் சுவர்களில் ஆடும் பெண்களைக் கண்டார். ஆனால் உயிரோடு ஆடுவோரை அவருக்குக் காட்டக் கற்றோர் கூசினர். இலண்டனுக்குத் திரும்பி 1923இல் 'அஜந்தா ஓவியங்கள்' என்ற பாலேயையும், இந்தியக் கதைகள் தழுவிய வேறு நடனங்களையும் மேடையேற்றினார். ஓவியம் பயில இலண்டன் வந்திருந்த உதயசங்கர் என்னும் இளைஞர் அந்நடனங்களை அமைக்க உதவியதோடு, பாவ்லோவா ராதையாக ஆடியபோது தாமே கண்ணனாக ஆடினார். இந்திய நடனத்தை இந்தியாவிலேயே தேடுமாறு உதயசங்கரைத் தூண்டியவரும் அவரே. பின்னாளில் அல்மோராவில் உதயசங்கர் நிறுவிய கலை நிலையத்தில் கந்தப்பா பிள்ளை பரதம் கற்பித்தார் என்பதும், அவரது 'கல்பனா' திரைப்படம் 1948இல் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி வெளிவந்தது என்பதும் தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கன.

எனினும், பாவ்லோவாவின் ரசிகர்களுள் தமிழுலகை மிகுதியும் மாற்றியவர் ருக்மிணி தேவியே. மதுரையில் 1904இல் பிறந்து, பதினாறாம் வயதில் பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்து, ஊரார் பழிச்சொல்லுக்கு ஆளானவர் அவர். 1928இல் பாவ்லோவாவின் குழு பம்பாய்க்கு வந்தபோது அருண்டேல் தம்பதியர் சென்று பார்த்தனர். பின்னர் ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற கப்பலொன்றில் அக்குழுவினரோடு ஒன்றாகப் பயணஞ் செய்யும் வாய்ப்பு நேர்ந்தது. நெடுங்கடற் பயணம் நட்பை வளர்ப்பது. மேடையில் எட்ட நின்று வியந்தவரோடு நாள்தோறும் கப்பல் தளத்தில் உரையாடும் பேறு எத்தனை ரசிகர்க்கு வாய்க்கும்! ருக்மிணி தேவி தமக்கும் பாலே கற்க ஆசையென்றார். பாவ்லோவா தம் குழுவின் முன்னணி நடனமணிகளுள் ஒருவரான கிளியோ நோர்டியிடம் கற்க ஏற்பாடு செய்தார்.

ருஷ்யப் பிள்ளைகள் பத்து வயதிற் தொடங்குவதை இருபத்தைந்து வயதளவிற் தொடங்கியவர் ருக்மிணி தேவி. அவர் பாலே மேடையில் பெயர்பெறப் போவதில்லை என்பது ஆசிரியைக்கும் தெரிந்திருக்கும், மாணவிக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. உடலை ஒரு கருவியாக அணு அணுவாகத் திருத்தும் ஒழுங்கையும், திரை, ஒளி, உடை, இசை யாவும் ஒரே எண்ணத்துக்கு அடங்கி நிற்கும் மேடையையும் அவர் உள்ளிருந்தே அறிந்துகொண்டார். பாவ்லோவாவோ, பாலே பயில்வது நல்லதே. ஆனால் உன் நாட்டுக் கலையைத் தேடு என்ற கருத்தையே வற்புறுத்தினார். 1922இல் தமக்குக் கிடைக்காத விடையை இன்னொருவர் மூலமாகக் காண விரும்பினார் போலும்.

அந்த விடையை அவர் காணவில்லை. 1931 ஜனவரி 23ஆம் நாள், ஐம்பது வயது நிறைவதற்கு மூன்று வாரம் இருக்கையில், ஹேக் நகரிற் காலமானார். சில நாட்களில் இலண்டன் அரங்கொன்றில் அன்ன நடனத்தின் இசையை இசைக்குழு வாசித்தது. வெற்று மேடையில் ஒளிவட்டம் மட்டுமே நகர்ந்தது. பார்த்திருந்தோர் எழுந்து நின்றனர்.

1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில், பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியரான ராஜலட்சுமி, ஜீவரத்னம் ஆகிய சகோதரியர் ஆடியதை ருக்மிணி தேவி கண்டார். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையர் சதிரை மீட்க அரும்பாடுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ருக்மிணி தேவி பயின்றார். அந்தணர் குலத்துப் பெண்ணுக்குக் கற்பிக்கப் பிள்ளையவர்கள் முதலில் தயங்கினார். 1935 டிசம்பரில், அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தின் வைரவிழாவின்போது, பெரிய ஆலமரத்தை அணிசெய்யும் அத்தோட்டத்தில் அவர் பலர் முன்னிலையில் ஆடினார். மறு மாதமே, 1936 ஜனவரியில், பின்னாளில் கலாக்ஷேத்திரம் என வழங்கிய பள்ளி தோன்றியது. இசைக்காரர் மேடையின் ஒரு பக்கத்தே அமர்ந்தனர். உடைக்கும் ஒளிக்கும் புதிய அமைப்பு வந்தது. 1944இல் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாயிற்று. இலங்கையிலிருந்தும் மாணவர் சென்று பயின்றனர். அவர்கள் கொண்டுவந்த முறையே பள்ளிக்கூட மேடைகள் வரை இறங்கி, நோட்டன் பிரிட்ஜ் மண்டபத்தையும் எட்டியது.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால், ருஷ்யா தமிழுக்கு வழிகாட்டியது என்று சொல்லிவிடலாம். ஆனால் இதற்கு முந்திய பகுதி ஒன்றுண்டு.

1838இல், கடலூரை அடுத்த திருவந்திபுரம் கோவிலைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவரும் இசைக்காரர் மூவரும் பாரிஸ் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் அம்மணி என்ற பதினெட்டு வயதுப் பெண், தேயோஃபில் கோத்தியே என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் உள்ளத்தைக் கவர்ந்தார். பார் என்ற சிற்பி அவரை வெண்கலத்தில் வடித்தார். மூன்றாண்டுகளின் பின் வெளிவந்த 'ஜிஸெல்' பாலேயின் கதையை அமைத்தவருள் ஒருவர் இதே கோத்தியேதான். 1858இல் அவர் சகுந்தலையின் கதையைப் பாலேயாக எழுத, லூசியன் பெத்திப்பா அதற்கு நடனம் அமைத்தார். லூசியனின் தம்பி மாரியஸ் பெத்திப்பா ருஷ்யாவிற் பணியாற்றி, 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'லா பயாதேர்' என்ற பாலேயை மேடையேற்றினார். பயாதேர் என்பது கோவில் ஆடல் மகளைக் குறிக்கும் சொல். போர்த்துக்கேயர் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. அந்நாடகத்தின் இந்தியா, கற்பனை இந்தியாதான்; அதன் அசைவுகளில் ஓர் அடவுகூட இல்லை. எனினும் அதன் நாயகி நிக்கியா கோவிலில் ஆடும் ஏழைப் பெண். பெரிய இடத்துச் சூழ்ச்சியால் உயிர் இழப்பவள். 1902இல் நிக்கியாவாக ஆடி ரசிகர் உள்ளத்தில் இடம்பெற்ற இளம் நடனமணி யார்? அன்னா பாவ்லோவா!

கோவில் ஆடல் மகளாக மேடையில் வாழ்ந்த அவர், உண்மையான ஆடல் மகளிரைத் தேடி இந்தியா வந்தபோது அவர்களைக் காண இயலாமற் போனது ஏன்? 1890களிலிருந்தே அவர்களது ஆட்டத்துக்கு எதிரான இயக்கம் வலுத்திருந்தது. அதனை வெறும் வெள்ளையர் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது பொருந்தாது. அம்மரபில் வந்த தாயாருக்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அப்பெண்கள் பட்ட துன்பத்தை நேரில் அறிந்தே போராடினர். அம்மையாரின் 'தாசிகள் மோசவலை' நாவல் வெளிவந்ததும், அடையாற்றுப் பள்ளி தொடங்கியதும் ஒரே ஆண்டு, 1936. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. முறை ஒழிந்தது நன்றே. ஆனால் அம்முறையோடு அப்பெண்களின் பிழைப்பும் போயிற்று. அவர்தம் கலை மட்டும் புதிய பெயருடன் வேறு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது.

அம்மணி மேற்கே கப்பலேறிய அதே காலத்தில், தமிழகத்து ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கோப்பித் தோட்டங்களை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தனர். அவர்களும் ஆட்டத்தோடுதான் வந்தனர். மாசி மாதத்தில் தப்பு முழங்க, லயங்களின் முன்னே ரதியும் மதனும் ஆடிவரும் காமன் கூத்து அவர்கள் கொணர்ந்த செல்வம். அதற்குக் கோத்தியேயும் வாய்க்கவில்லை, பாவ்லோவாவும் வாய்க்கவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பகுதியில் அலாரிப்புக்குப் பரிசு வாங்கும் சிறுமியின் பாட்டனார், காமன் கூத்தில் ரதி வேடங்கட்டிய வாத்தியாராக இருந்திருக்கக்கூடும். அவரிடம் அப்பெண் ஏதேனும் கற்றாளா என்று பரிசளிப்போர் கேட்பதில்லை. ருக்மிணி தேவியிடம் பாவ்லோவா கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

அடையாற்றில் நிகழ்ந்த மாற்றத்தை எல்லோரும் ஏற்கவில்லை. மரபுவழி வந்த பாலசரஸ்வதி அம்மையார், சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்த வேண்டியதில்லை, அதுவே பரதத்தின் உயிர் என்று இறுதிவரை வாதிட்டார். மேடை அலங்காரங்களையும் அவர் பெரிதாகக் கருதவில்லை. இருவர் வழக்கிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒருவருக்குப் பள்ளியும் தோட்டமும் இருந்தன, மற்றவருக்குப் பரம்பரை மட்டுமே இருந்தது என்பதையும் மறத்தலாகாது. அவ்விருவரையும் இணைக்கும் ஓர் ஆசிரியை இருந்தார். மயிலைக் கபாலீசுவரர் கோவிலில் ஆடும் உரிமை பெற்றிருந்த கௌரி அம்மாளே அவர். பாலசரஸ்வதிக்கு அபிநயம் காட்டியவரும் அவர். ருக்மிணி தேவிக்கு முதற்பாடம் சொன்னவரும் அவர். கோவிலில் ஆட இடமில்லாது போன பின்னர், முதுமையில் அவர் அடையாற்றுக்கு வந்து, கலாக்ஷேத்திரத்துப் பிள்ளைகள் சூழ அமர்ந்து, பதங்களைத் தாமே பாடி, கண்ணாலும் கையாலும் கற்றுக்கொடுத்தார்.