புற்றுக்கலத்தின் சாவும் நுண்டுணிக்கைகளும்

புற்றுக்கலங்களைக் கொல்லும் பொருள்கள் பல உள. நஞ்சும் கொல்லும், நெருப்பும் கொல்லும். அயலிலுள்ள நற்கலங்களுக்கு ஊறு நேராவண்ணம் அவற்றை மாத்திரம் கொல்வது எங்ஙனம் என்பதே மருத்துவரை நெடுங்காலமாக அலைக்கழித்த வினாவாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மானிய அறிஞர் போல் ஏளிக், இலக்கை மட்டும் தாக்கும் 'மந்திரக் குண்டு' ஒன்றைக் கனவு கண்டார். நுண்டுணிக்கை மருத்துவத்தின் வரலாறு அக்கனவின் தொடர்ச்சியேயாம்.

இவ்வரலாறு நேற்றுத் தொடங்கியதென எண்ணுவாருளர். 1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் கில்கிறிஸ்ற் என்பாரும் அவர்தம் குழுவினரும், 20 முதல் 100 நானோமீற்றர் வரையான இரும்பொட்சைட்டுத் துணிக்கைகளை இழையங்களிற் செலுத்தி, விரைந்து மாறும் காந்தமண்டலத்தால் அவற்றைச் சூடேற்றினர். ஒரு மில்லிமீற்றரைப் பத்துலட்சம் கூறிட்டால் அதில் ஒரு கூறே நானோமீற்றர். கத்திக்குத் தப்பி நிணநீர்க் கணுக்களில் ஒளிந்திருக்கும் புற்றையும் வெப்பத்தால் அழிக்கலாம் என்பது அவர்தம் எண்ணம்.

கலம் சாகும் வகையை உலகம் தெளிவுற அறிந்தது அதன் பின்னரே. புறத்தாக்கத்தால் வீங்கி வெடித்து, உள்ளீட்டைச் சிந்தி, அயலிழையத்தில் அழற்சியை விளைப்பது ஒருவகைச் சாவு. தன்னுள் அமைந்த ஒழுங்கின்படி சுருங்கித் துண்டுகளாகி, அயற்கலங்களால் விழுங்கப்பட்டு ஆரவாரமின்றி மறைவது மற்றொன்று. இதனை 1972இல் கேர், வைலி, கரி என்னும் மூவர் வேறுபிரித்து விளக்கினர். பெயர் வேண்டி அவர்கள் அபடீன் பல்கலைக்கழகக் கிரேக்கமொழிப் பேராசிரியர் கோமக்கை நாட, அவர் தந்த சொல் 'அப்பொப்தோசிசு'. மரத்தினின்று இலை உதிர்தலைக் குறிப்பது அது. தமிழிலும் 'கலவுதிர்வு' என்றே வழங்கின் நன்று. இக்கால நூல்களிற் காணும் நீண்ட தொடர்கள் நாவில் நிற்பனவல்ல. புற்றுக்கலமோ பெரும்பாலும் இவ்வுதிர்வை மறந்த கலம்.

வெப்பத்தைப் பற்றிய நோக்கும் இதனால் மாறிற்று. ஏறத்தாழ 42 முதல் 46 பாகை வரை சூடேறிய கலங்களுட் பல உதிர்வு முறையில் இறக்கும். 50 பாகையைக் கடந்த கடுஞ்சூட்டில் வெடித்துச் சாதலே மிகும். 2003இல் ரைஸ் பல்கலைக்கழகத்து நயோமி ஹலாஸ், ஜெனிபர் வெஸ்ற் ஆகியோரின் குழு, சிலிக்கா உருண்டைகளுக்குப் பொன்னுறை போர்த்து, தோலை ஊடுருவும் செந்நிறக்கீழ்க் கதிரால் அவற்றைச் சூடாக்கி எலிகளின் கட்டியிழையத்தைச் சிதைத்தது.

கொல்லும் கருவி கிடைத்தது. அது இலக்கைச் சென்றடையுமா? கட்டியின் குருதிக்கலன்கள் கசிவுடையன என்றும், புகுந்த பெருமூலக்கூறுகள் அங்கே தங்கும் என்றும் ஜப்பானிய அறிஞர் மற்சுமுறாவும் மயேடாவும் 1986இற் காட்டியமை பெருநம்பிக்கை ஊட்டிற்று. 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கொழுப்புறை மருந்து, இதயத்துக்கு நேரும் கேட்டைக் குறைத்ததும் மெய்யே. ஆயினும் முந்திய பத்தாண்டு ஆய்வுகளை 2016இல் தொகுத்து நோக்கிய ரொறன்ரோ அறிஞர், செலுத்திய துணிக்கைகளில் நூற்றுக்கு 0.7 பங்கே கட்டியை அடைகிறது என்னும் இடையப் பெறுமானத்தைக் கண்டனர். எஞ்சியவற்றுட் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் கவர்ந்துகொள்கின்றன.

ஐரோப்பாவில் 2010இல் மூளைக்கட்டிக்கு ஒப்புதல் பெற்ற இரும்பொட்சைட்டுத் துணிக்கையும், 2019இல் மென்னிழையக் கட்டிக்கு ஒப்புதல் பெற்ற ஹபினியமொட்சைட்டுத் துணிக்கையும் குருதிவழிச் செல்வன அல்ல. ஊசியால் கட்டியினுள்ளேயே நேரே செலுத்தப்படுவன. உடலெங்கும் சிதறிய சிறு கட்டிகளை ஊசி எட்டாது. அத்தகைய நோயாளரை எண்ணியன்றோ கில்கிறிஸ்ற் 1957இல் நிணநீர்க் கணுக்களைத் தேடிச் சென்றார்!