கலந்த பாலும் தனிப் பாலும்

என் மகளுக்கு மூன்றாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "நீ என்ன சாப்பிட்டே?" அடுத்தது, "உன் பால் பிள்ளைக்குச் சேரல போல." உயிர்வேதியியல் படித்தவள் நான். அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. பிறகு பதிலைத் தேடியபோதுதான் தாய்ப்பால் சர்க்கரைகளைப் பிரித்தெடுத்த வரலாற்றுக்குள் போனேன்.

ஒரு லிட்டர் தாய்ப்பாலில் ஏறத்தாழ 70 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதோடு 5 முதல் 15 கிராம் வரை ஒலிகோசாக்கரைடு எனப்படும் குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகளும் உண்டு. இவற்றைக் குழந்தை செரிப்பதில்லை. குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியாக்களுக்கு இவை உணவு. லாக்டோஸின் மிகுதியிலிருந்து இவற்றைப் பிரிப்பது பெரும்பாடாக இருந்தது. 1950இல் அமெரிக்காவின் விஸ்லரும் டர்சோவும் குரோமட்டோகிராபியில் ஒரு வழி காட்டினார்கள். கரித்தூள் நிரப்பிய குழாயில் சர்க்கரைக் கரைசலை ஊற்ற வேண்டும். தண்ணீர் விட்டால் ஒற்றைச் சர்க்கரைகள் இறங்கும். 5 சதவீத ஆல்கஹால் விட்டால் இரட்டைச் சர்க்கரைகள். 15 சதவீதத்தில் மூன்று கண்ணி கொண்டவை. சங்கிலி நீள நீளக் கரியின் பிடி இறுகும்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் கூனின் குழு 1950களில் தாய்ப்பாலின் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவற்றின் அமைப்பைக் கண்டறிந்தது. அந்தக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு பெயர் அடெலினே கௌஹே. கூனை அறிந்தவர்கள் பலர். கௌஹேயை எத்தனை பேர் அறிவோம்?

ஒரு பொருளைப் போதிய அளவு பிரித்தெடுக்கப் பலரின் பாலை ஒன்றாகக் கலப்பது வழக்கம். கலந்த பிறகு அது 'தாய்ப்பால்' என்ற ஒரே பொருள். எந்தப் பெண்ணும் அதில் தெரிவதில்லை.

1967இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் எவலின் கிரோல்மனும் விக்டர் கின்ஸ்பர்க்கும் தனித்தனிப் பெண்களின் பாலை ஒப்பிட்டார்கள். எச்சிலில் ரத்த வகைப் பொருள்களைச் சுரக்காத பெண்களின் பாலில் ஃப்யூகோசில்லாக்டோஸ் சர்க்கரையின் ஒரு வகை இல்லை. காரணம் அவர்கள் சாப்பிட்டது அல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த மரபணு. கலந்த பாலில் இது தெரிந்தே இருக்காது.

என் பாலில் அந்தச் சர்க்கரை உண்டா என்று நான் சோதிக்கவில்லை. இல்லாவிட்டாலும் அது குறையல்ல. அத்தகைய பாலிலும் வேறு ஒலிகோசாக்கரைடுகள் பல உண்டு. அதைக் குடித்துத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் வளர்ந்திருக்கிறார்கள். இன்று அதே சர்க்கரையை நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரித்துப் பால் மாவில் சேர்த்து விற்கிறார்கள். "உன் பாலில் அது இல்லை" என்ற புதுப் பழி நாளை நம் வீடுகளுக்கு வரலாம்.

மகள் நான்கு நாளில் தேறிவிட்டாள். அன்று வராத பதில் இன்று என்னிடம் இருக்கிறது: என் பால் என்னுடையது, வேறு ஒருத்தியின் பால்போல அது இருக்க வேண்டியதில்லை.