பன்னிரண்டு பார் ப்ளூஸ்

மூன்றே கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை) வைத்துக் கிட்டாரில் பாட்டுக் கட்ட அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை வடிவம் பன்னிரண்டு பார் ப்ளூஸ். நான்கு தட்டு ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சரணம். முதற்பாட்டு எழுத முனைபவருக்கு இதைவிட இணக்கமான சட்டகம் மேலை இசையில் இல்லை.

அடிமை முறை ஒழிந்த பின்னும் பருத்திக் காடுகளில் கடனாளிக் குத்தகையாளர்களாகவே உழன்ற மக்களின் கூவல்கள், வேலைப்பாட்டுகள், தேவாலயப் பாடல்கள் ஆகியவற்றிலிருந்து ப்ளூஸ் கிளைத்தது. மிசிசிப்பி டெல்ட்டாவையே அதன் தாய்வீடாகக் கொள்வது பொருந்தும். 1890-களில் சியர்ஸ் ரோபக் நிறுவனம் அஞ்சல் வழியே மலிவு விலைக் கிட்டார்களை விற்கத் தொடங்கியதால், அக்கருவி ஏழைக் குடிசைகளையும் எட்டியது.

இந்த இசையை அச்சேற்றியவரும் அலபாமாவின் ஃபுளோரன்ஸில் 1873-இல் பிறந்தவருமான டபிள்யூ. சி. ஹாண்டி, கார்னெட் வாசித்த வாத்தியக் குழுத் தலைவர். 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, கந்தல் உடுத்திய ஒருவர் கத்தியால் தந்திகளை வழித்து வாசித்தபடி, இரு ரயில் பாதைகள் சந்திக்கும் இடத்தைப் பற்றிய ஒரே அடியை மும்முறை பாடக் கேட்டதாக அவர் 1941-இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதுகிறார். பாடியவரின் பெயர் பதிவாகவில்லை. இவ்வரலாற்றின் பெருந்துயரம் அதுதான். ஹாண்டி 1912-இல் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’, 1914-இல் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ ஆகியவற்றை அச்சேற்றினார். பன்னிரண்டு என்ற எண்ணிக்கை நிலைபெற்றதில் இந்த அச்சுத் தாள்களுக்கும், ஒன்றாக நின்று வாசிக்க வேண்டிய குழுக்களுக்கும் பெரும்பங்கு உண்டு. தனியே பாடியவர்கள் பாரை எண்ணவில்லை. டெக்சாஸின் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் மூச்சுக்கும் சொல்லுக்கும் ஏற்பச் சரணத்தை நீட்டினார், குறுக்கினார். ஜான் லீ ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ (1948) ஏறத்தாழ ஒரே கார்டில் ஓடுகிறது.

ஈ சுருதியில் வாசிப்பதே கிட்டாருக்கு எளிது. முதல் நான்கு பார் ஈ கார்டு. ஐந்தும் ஆறும் ஏ. ஏழும் எட்டும் மீண்டும் ஈ. ஒன்பதில் பி7, பத்தில் ஏ, பதினொன்றில் ஈ. பன்னிரண்டில் பி7-ஐ மீட்டினால் அது அடுத்த சரணத்தின் வாசலுக்கு இழுத்துச் செல்லும். பாட்டு மூன்று அடிகள், அடிக்கு நான்கு பார். இரண்டாம் அடி முதலடியின் மறுபதிப்பே. அதைப் பாடும் நேரத்தில் மூன்றாம் அடியின் இயைபை மனத்துக்குள் தேடிக்கொள்ளலாம்.

ஒவ்வோர் அடியிலும் குரல் பெரும்பாலும் முதலிரண்டு பாரோடு அடங்கிவிடுகிறது. மீதி இரண்டில் கிட்டார் பதில் சொல்ல வேண்டும். ரிஃப் என்னும் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர் பிறப்பது அந்த இடைவெளியில்தான். மிக எளிய ரிஃப்பிற்கு ஆறாம் தந்தியைத் திறந்தே விட்டு, ஐந்தாம் தந்தியை இரண்டாம் ஃப்ரெட்டிலும் நான்காம் ஃப்ரெட்டிலும் மாற்றி மாற்றி அழுத்தி, இரு தந்திகளையும் சேர்த்து மீட்டினால் போதும். ஏ வரும்போது இதே அசைவு ஒரு தந்தி தள்ளி நடக்கும். பி-யில் விரல்கள் அகல விரிய வேண்டியிருப்பதால், புதியவர்கள் அங்கே பி7-ஐ மட்டும் தட்டலாம். பியானோக்காரர்களின் இடக்கை ஓட்டமாக இருந்த இந்த ரிஃப்பைக் கிட்டாரில் வலுவாக ஊன்றியவர் ராபர்ட் ஜான்சன். 1936 நவம்பரில் சான் அந்தோணியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலுமாக 29 பாடல்களைப் பதிவு செய்த அவர், 1938-இல் 27 வயதில் மறைந்தார். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் கொள்ளும். நிமிடத்துக்கு 96 தட்டு என்ற நடையில் ஒரு சரணம் அரை நிமிடம்; ஆகவே ஆறு சரணத்துக்குள் கதை முடிந்தாக வேண்டும்.

பாடும் மெட்டுக்கு ஈ, ஜி, ஏ, பி, டி என்ற ஐந்து சுரங்கள் போதும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இவை சுத்த தன்யாசியின் சுரங்கள். ஆனால் அடியில் ஒலிக்கும் ஈ மேஜர் கார்டு ஜி ஷார்ப்பைக் கொண்டது. குரல் ஜி-யைப் பற்றி நிற்க, கார்டு அரைச்சுரம் மேலே நிற்கிறது. ப்ளூஸின் ஏக்கமெல்லாம் இந்த உரசலில் குடியிருக்கிறது.

1943-இல் மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் மின்கிட்டாரைக் கையில் எடுத்தார். சக் பெர்ரியின் ராக் அண்ட் ரோல் பாடலான ‘ஜானி பி. குட்’ (1958) இதே பன்னிரண்டு பாரில் அமைந்தது. இப்போதும் கிட்டார் வகுப்புகளில் தொடக்கப் பாடமாக இது கற்பிக்கப்படுகிறது.