கலவை சுமந்தவரின் பேத்திக்கு எந்த வாசல்?

சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய சேரியொன்றில் ஓர் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக்கொண்டிருந்தேன். என்ன தொழில் என்று போடட்டும் என்று கேட்டேன். "சித்தாள்னு போடுப்பா. ஒரு காலேஜுக்கு இன்ஜினியரிங் கட்டடம் கட்டினாங்க. நாலு மாடிக்கும் கலவை தூக்கினேன். முடிச்சதுக்கப்புறம் உள்ள போய்ப் பாத்ததில்ல" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். நிலமில்லை, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை, படிப்பில்லை. 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. நூறாண்டு கழித்து அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

நிலத்தின் கதையை நாம் பேசுகிறோம். உயர்கல்வியின் கதையை அந்த அளவு பேசுவதில்லை.

சென்னை ஐ.ஐ.டி. 1959இல் தொடங்கியது. தலித், பழங்குடி மாணவர்களுக்கு அங்கே இடஒதுக்கீடு வர 1973 ஆனது. பதினான்கு ஆண்டுகள் கட்டடம் இருந்தது, நமக்கு வாசல் இல்லை.

சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில், கல்பாக்கத்தில் 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையம் வந்தது. இன்று அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். 2005இல் ஹோமி பாபா தேசிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கல்பாக்கம் அதன் உறுப்பு நிறுவனம். பொறியியலில் முனைவர் பட்டம்வரை இங்கே படிக்கலாம். அதாவது, நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம்!

ஆனால் மத்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவர் சேர்க்கை இடஒதுக்கீட்டுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையும், ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். விலக்கு பெற்ற நிறுவனங்களின் அட்டவணை அங்கே இருக்கிறது. இரண்டிலும் முதல் பெயர் ஹோமி பாபா தேசிய நிறுவனம். அதன் கீழே கல்பாக்கம். மாணவர் இடமானாலும் ஆசிரியர் பணியானாலும், அந்தச் சட்டங்கள் தரும் இடஒதுக்கீடு இங்கே பொருந்தாது.

காரணம் கேட்டால் 'உயர்தகுதி', 'தேச முக்கியத்துவம்' என்பார்கள். ஐ.ஐ.டி.க்கள் அந்த அட்டவணையில் இல்லையே! அவற்றுக்குத் தகுதி இல்லையா, தேச முக்கியத்துவம் இல்லையா? அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? அணுவைப் பற்றிப் பாடம் நடத்த சாதி ஒரு தகுதியா?

2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். அந்த ஒரு தாளைக் கேட்டு நம் இயக்கங்களும் இப்பகுதி மக்கள் பிரதிநிதிகளும் குரல் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மாவின் பேத்தி பிளஸ் டூவில் கணிதப் பிரிவு படிக்கிறாள். பாட்டி கட்டிய கட்டடங்களுக்குள் அவள் படிக்கவும் வேண்டும், பாடம் நடத்தவும் வேண்டும்.