யோசேவ்வாஸ் முனிவரும் கீழ்ப்படிதல் என்னும் அறமும்

கீழ்ப்படிதல் என்னும் சொல் இக்காலத்தார் பலருடைய செவிக்கு இனிமை தருவதன்று. உரிமை, சுதந்திரம், தன்மதிப்பு என்னும் சொற்கள் ஓங்கி ஒலிக்கும் உலகிலே, பிறர் சொற்படி நடத்தல் அடிமைக் குணமென்றே பெரும்பாலார் எண்ணுகின்றனர். ஆயின் கிறிஸ்தவ சமயம் இச்சொல்லைத் தன் அறநெறியின் நடுவிலே வைத்துப் போற்றுகின்றது. கெத்செமனித் தோட்டத்திலே தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்கு ஒப்படைத்த இயேசுநாதரின் செயலே அச்சமயத்தார்க்கு ஞான வாழ்வின் அளவுகோல். துறவறம் பூணுவோர் ஏழ்மை, கற்பு ஆகியவற்றோடு கீழ்ப்படிதலையும் வார்த்தைப்பாடாக ஏற்பதும் இதனாலேயே.

அவ்வாறாயின் ஒரு வினா எழுகின்றது. அச்சத்தினாலே பணிவதும் அன்பினாலே பணிவதும் ஒன்றாகுமா? ஆளுவோன் ஆணையும் ஆண்டவன் ஆணையும் மாறுபடுமிடத்து யாருக்குப் பணிவது? ஏட்டளவிலே விடை காண்பதற்கு அரிய இவ்வினாவுக்கு, இலங்கையின் 17ஆம் நூற்றாண்டு வரலாறு ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு விடை கூறுகின்றது. அம்மனிதரே யோசேவ்வாஸ் முனிவர்.

கோவா நாட்டின் சால்செத்துப் பகுதியிலுள்ள பெனவுலிம் என்னும் ஊரிலே, 1651ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 21ஆந் தேதி அவர் பிறந்தார். குலத்தினால் கொங்கணிப் பிராமணர், சமயத்தினால் கத்தோலிக்கர். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, கோவாவிலே குருத்துவக் கல்வி பயின்று, 1676இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் 5ஆந் தேதி, சங்குவாலை ஊர்க் கோயிலிலே, தம்மைத் தேவமாதாவுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் உறுதிமுறி எழுதிக் கையொப்பமிட்டார். அடிமைமுறி என்பது அக்காலத்திலே வெறும் உவமையன்று. மனிதரை விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. உலகத்தார் பிறரைப் பிணிக்கப் பயன்படுத்திய ஒரு பத்திரத்தை, இளங்குருவானவர் ஒருவர் தம் விருப்பத்தாலே தம்மேல் எழுதிக்கொண்டார்.

அவருடைய உள்ளம் இலங்கையை நாடிற்று. காரணம் இது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துக்கேயர் காலத்துக் குருமார் அனைவரும் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என ஒல்லாந்தர் அவ்வாண்டிலேயே கட்டளை பிறப்பித்தனர். பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, இறப்பவர்க்கு அவஸ்தைப் பூசுதல் கொடுப்பாருமில்லை. மேய்ப்பரில்லா மந்தையாய் இருந்த இம்மக்களின் செய்தி கோவாவுக்கு எட்டியபோது, அங்கே செல்ல யோசேவ்வாஸ் விடை வேண்டினார்.

மேலாளர் வேறு வகையாக முடிவு செய்தனர். 1681இல் அவரைக் கன்னடக் கரைநாட்டு மறைப்பணிக்குத் தலைவராக அனுப்பினர். அங்கே போர்த்துக்கேய அரசின் ஞானாதிக்க உரிமைக்கும், உரோமாபுரி நேரே நியமித்த மேற்றிராணியாரின் அதிகாரத்துக்கும் இடையே பெரும் பிணக்கு நிலவியது. யார் சொல்லைக் கேட்பது என்று மக்கள் மயங்கிய இடத்திற்கே, இலங்கை செல்ல வேண்டுமென்று தவித்தவர் போக நேர்ந்தது. அவர் முணுமுணுத்தாரல்லர். மங்களூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் கால்நடையாகச் சுற்றிக் கோயில்களைச் செப்பனிட்டார், பள்ளிகளைத் தொடங்கினார், அடிமைப்பட்டோரை மீட்டார். மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. தாம் விரும்பிய நற்செயலையும் தள்ளி வைத்துக் கொடுக்கப்பட்ட நற்செயலைச் செய்தல், கீழ்ப்படிதலின் முதற்படி. தீய விருப்பத்தை விடுவதிலும் நல்ல விருப்பத்தை விடுவது கடினமென்பதை ஞான வாழ்வில் பழகியோர் அறிவர்.

1684இல் கோவாவுக்கு மீண்டார். அக்காலத்தில் அங்கிருந்த ஐரோப்பியத் துறவுச் சபைகள் இந்தியரைப் பொதுவாகத் தம்முட் சேர்ப்பதில்லை. ஆதலின் சுதேச குருமார் சிலர் பழைய கோவாவிலுள்ள அற்புதச் சிலுவைக் கோயிலிலே கூடி வாழத் தொடங்கினர். 1685இல் யோசேவ்வாஸ் அவர்களோடு சேர்ந்தார், விரைவில் தலைவருமானார். உரோமாபுரியில் 16ஆம் நூற்றாண்டிலே பிலிப்பு நேரி என்னும் அர்ச்சியசிஷ்டர் நிறுவிய ஒரத்தோரியன் சபையின் ஒழுங்கை அவர்கள் மேற்கொண்டனர். இந்திய மண்ணிலே இந்தியக் குருமாராலே அமைந்த முதற் கத்தோலிக்கக் குருத்துவ சபை அதுவே.

இச்சபையின் ஒரு சிறப்பு ஈண்டுக் கருதத்தக்கது. ஒரத்தோரியர் வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. ஏனைய துறவியரைப் போன்று சத்தியத்தினாலே கட்டுப்படாமல், ஒருவர்க்கொருவர் கொண்ட அன்பினாலேயே கூடி வாழ்வதும் தலைவர்க்குப் பணிவதும் அவர்களுடைய மரபு. கட்டு இல்லாத இடத்திலே பணிவு நிலைக்குமா என்று ஐயுறுவார்க்கு, இச்சபைக் குருமார் இலங்கையிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்ததே விடையாகும்.

1686இல் யோசேவ்வாஸ் தலைமைப் பதவியைத் துறந்து இலங்கைக்குப் புறப்பட்டார். யோவான் என்னும் இளைஞன் உடன் வந்தான். மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடியை அடைந்து, அங்கிருந்து தோணியேறி, 1687இல் யாழ்ப்பாணத்திலே கரை சேர்ந்தார். குருவானவர் உடையில் வந்திருந்தால் கடற்கரையிலேயே சிறைப்பட்டிருப்பார். ஆதலின் அரையில் ஒரு துண்டுடுத்த கூலிக்காரர் கோலத்தில் வந்தார். பசியும் கடற்பயணமும் வருத்தக் கடும் வயிற்றுநோய்க்கு ஆளானார். இரக்கமுள்ளோர் அளித்த உணவாலே உயிர் தப்பினார். உடல் தேறியதும் கழுத்திலே செபமாலையை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தோர் யாவர், முகந்திருப்பினோர் யாவர் என்று நோக்கி, மறைந்திருந்த கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். பிராமண குலத்திற் பிறந்தவர், கோவாவிலே துறவியர் தலைவராயிருந்தவர், யாழ்ப்பாணத்து வாசல்களிலே கையேந்தி நின்றார்.

நம்பத்தக்கோர் அவரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். அவ்வூரை இருப்பிடமாகக் கொண்டு, பகலிலே மறைந்தும் இரவிலே நடந்தும் ஊரூராகத் தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார். தமிழையும் கற்றுக்கொண்டார். 1689ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே, வழிபாட்டுக்குக் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படைவீரர் வளைந்து சிறைப்பிடித்தனர். குருவானவர் தப்பினார், பிடிபட்டோர் துன்புற்றனர். அதன் பின்னரும் அவரைக் காட்டிக்கொடுக்க மக்கள் இசையவில்லை.

இவ்விடத்திலே முன்னெழுந்த வினாவை மீண்டும் நோக்குதல் தகும். கீழ்ப்படிதலையே தவமாகக் கொண்டவர், நாட்டை ஆண்டோரின் கட்டளையை மீறியதெவ்வாறு? ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே. அவர்களுள்ளும் பிலிப்பு பல்தேயு போன்ற ஊக்கமுள்ள போதகர் இருந்தனர். தமிழ் கற்று, வேதாகமப் பகுதிகளைத் தமிழிலே தர முயன்றனர். ஆயின் கும்பினி அரசு சமயத்தைச் சட்டத்தோடு பிணைத்தது. சீர்திருத்த சபையின் ஞானஸ்நானப் பதிவு இல்லாதார்க்கு உத்தியோகம் இல்லை. திருமணப் பதிவிலும் முதுசொம் பெறுவதிலும் இடர். ஆதலின் மக்கள் பள்ளிக்கூடத் தோம்பிலே பெயரெழுதுவித்துவிட்டு, வீட்டிலே தத்தம் பழைய சமயத்தைப் பேணினர். இத்தகைய பணிவைத் தோம்பிலே எண்ணலாம், உள்ளத்திலே காணவியலாது. போர்த்துக்கேயர் காலத்திலும் சலுகை நாடிச் சமயம் மாறினோர் பலர் இருந்தனர் என்பதையும் மறைத்தற்கில்லை. அரசு மாறியபோது அவர்கள் உதிர்ந்தனர். உதிராது எஞ்சியோரையே யோசேவ்வாஸ் தேடி வந்தார்.

அவர் ஒல்லாந்தரை எதிர்த்துக் கலகம் தூண்டவில்லை, வாளெடுக்கவில்லை. மனச்சாட்சியின் எல்லைக்குள் புகுந்த கட்டளையொன்றுக்கு மட்டுமே பணிய மறுத்து, அதனால் வருந் துன்பத்தைத் தாமே ஏற்றார். இவ்வுண்மை அவருடைய கண்டி வாழ்க்கையிலே இன்னுந் தெளிவாகும்.

1690இல் அவர் கண்டியரசுக்குட்பட்ட புத்தளத்தை அடைந்தார். 1692இல் தலைநகருக்குச் சென்றபோது, அரசவையிற் செல்வாக்குடனிருந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றரென்று பழி சுமத்தினான். இரண்டாம் விமலதருமசூரியன் அவரையும் துணைவரையும் சிறையிட்டான். குற்றமற்றவராயினும் அவர் சிறையை விட்டு ஓட முயலவில்லை. அங்கேயே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபின் சிறு குடிலொன்று அமைத்து வழிபாடு நடத்தினார். ஒல்லாந்தர் கட்டளைக்கு மறைந்து திரிந்தவர், கண்டியரசன் கட்டளைக்கு அமைந்திருந்தார். உடலைக் கட்டும் ஆணைக்குப் பொறுமை காட்டினார். உயிர்நிலையான விசுவாசத்தைக் கட்டும் ஆணைக்கே இணங்க மறுத்தார். இரண்டும் ஒரே பணிவின் இரு முகங்கள்.

1693இல் கண்டி நாட்டை வறட்சி வாட்டியது. அரசன் வேண்டுகோளின்படி அவர் வெளியிடத்திலே பீடமும் சிலுவையும் நிறுத்தி மன்றாடினாரென்றும், மழை பொழிந்ததென்றும் கத்தோலிக்க மரபு கூறுகின்றது. அரசன் அவருக்கு விடுதலையும் நாடெங்கும் போதிக்கும் உரிமையும் அளித்தான். கிறிஸ்தவ அரசு துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த மன்னன் புகலிடந் தந்தமை, இந்நாட்டு வரலாற்றிலே என்றும் நினைக்கத்தக்க நிகழ்ச்சி.

1696இல் கோவாவிலிருந்து வேறு குருமார் துணைக்கு வந்தனர். மறு ஆண்டு கண்டியிலே பெரியம்மை பரவியது. அரசன் நகரை விட்டகன்றான். நோயுற்றோர் காட்டோரங்களிலே கைவிடப்பட்டனர். யோசேவ்வாஸும், அவருடைய மருமகனான யோசேப்புக் கர்வாலியோ சுவாமியாரும் நகரை விட்டகலவில்லை. குடில்கள் அமைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். இன்ன சமயத்தாரென்று எவரையும் வேறுபடுத்தவில்லை. இச்சேவையை அவருக்குக் கட்டளையிட்டவர் ஒருவருமிலர். இளமையிலே மேலாளர் சொல்லுக்குப் பணியப் பழகிய உள்ளம், முதிர்ச்சியிலே துன்புறுவோரின் தேவையையே கட்டளையாகக் கேட்கப் பழகிவிட்டது. கிறிஸ்தவர் ஞான வளர்ச்சி என்று கூறுவது இதனையே.

அதே காலத்தில் கொச்சி மேற்றிராணியார் அவரை இலங்கைக்கு விக்கார் ஜெனரலாக நியமித்தார். பின்னர், 1704ஆம் ஆண்டளவில், பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்திருந்த தூர்னோன் ஆண்டகை அவரை மேற்றிராணியார் நிலைக்கு உயர்த்தக் கருதியபோது, அப்பெருமை தமக்கு வேண்டாமென்று விலக்கினார். வந்த பணியை ஒருபோதும் மறுக்காதவர், வந்த பதவியை மறுத்தார். பணிவு என்பது எதற்கும் தலையசைக்கும் குணமன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

மக்களையும் அவர் தம்மையே நோக்கி வாழப் பழக்கவில்லை. குருவானவர் ஆண்டுக்கொருமுறை வருதலும் அரிதான ஊர்களிலே மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார். அண்ணாவியார் செபம் சொல்லிக் கொடுப்பார், சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டுவார், இறப்பவரின் அருகிருப்பார். மேற்பார்வையாளர் இல்லாதபோதும் ஒழுங்கு தவறாத சமுதாயம் இவ்வாறு உருவாயிற்று. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களியற்றி இப்பணியை நிலைபெறச் செய்தார். தபசுகாலத்திலே தமிழ்க் கத்தோலிக்கர் படித்து வந்த ‘வியாகுலப் பிரசங்கம்’ அவர் இயற்றியதே.

ஓயாத நடையினாலும் நோயினாலும் தளர்ந்த யோசேவ்வாஸ், 1711ஆம் ஆண்டு சனவரி மாதம் 16ஆந் தேதி கண்டியிலே உயிர் நீத்தார். கோவாவை விட்டுப் புறப்பட்டபின் தாய்நாட்டுக்கு அவர் மீளவேயில்லை. அப்போது கண்டியை ஆண்டவன் வீர நரேந்திரசிங்கன். 1995ஆம் ஆண்டு சனவரி 21ஆந் தேதி இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் தேதி, காலிமுகத் திடலிலே, பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

இருவகைப் பணிவின் பயனையும் வரலாறு பின்னர் காட்டிற்று. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றது. சட்டத்தின் கட்டாயம் நீங்கியதும், தோம்புகளிலே ஆயிரமாயிரமாகப் பெயர் பதிந்திருந்த சுதேசிகள் விரைவிலே சீர்திருத்த சபையை விட்டகன்றனர். பறங்கியர் சமூகத்திடையேயே அது பெரும்பாலும் நிலைத்தது. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை ஆங்கில அரசு 1806இல் நீக்கியபோதோ, மறைவிலிருந்த ஊர்கள் பல வெளிவந்தன. சட்டம் ஆதரித்த சபை சுருங்கியது; சட்டம் தண்டித்த சபை நின்றது.

இதனால் ஒரு சபை உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. அதிகாரம் கையிலிருந்தபோது இரண்டுமே கட்டாயத்தை நம்பின. கட்டாயத்தாற் சேர்ந்தோரை இரண்டுமே இழந்தன. கத்தோலிக்கருள் எஞ்சியது, அரசின் துணையின்றி அன்பினால் வேரூன்றிய பகுதியேயாகும். அதற்கு நீர் வார்த்தவர், கட்டளையிட அதிகாரமற்ற ஒரு பிச்சைக்காரர். தாம் பணியக் கற்றிருந்தமையாலே பிறரைப் பணிவிக்க அவருக்குப் படைவீரர் தேவைப்படவில்லை. மிரட்டிப் பெறும் கீழ்ப்படிதல் மிரட்டுவோன் அகலும் வரையிலுமே நிற்கும். மனமுவந்து கொடுத்த கீழ்ப்படிதல் கொடுத்தவர் மறைந்த பின்னரும் நிற்கும்.